முதல் பாடம் யாருக்காக? ஹவாய் மொழியின் வாக்கிய அமைப்பைக் கற்பித்த வரலாறு

ஒரு மொழிக்கு முதல் பாடம் எழுத முற்படுபவர், எதைக் கற்பிப்பது என்று தீர்மானிப்பதற்கு முன்பே யாருக்குக் கற்பிப்பது என்பதைத் தீர்மானித்துவிடுகிறார். பல வேளைகளில் அத்தீர்மானம் அவர் அறியாமலேயே நிகழ்கிறது. ஹவாய் மொழிக்கு 1822 முதல் எழுதப்பட்டுவந்த தொடக்கப் பாடங்களை வரிசையாக வைத்துப் பார்த்தால், அவற்றின் முன் மூன்று விதமான மாணவர்கள் அமர்ந்திருப்பது தெரியும். முதலாமவர் மொழியை அறிந்தவர், எழுத்தை அறியாதவர். இரண்டாமவர் எழுத்தையும் இலத்தீன் இலக்கணத்தையும் அறிந்து, மொழியை அறியாத அயலார். மூன்றாமவர் முதலாமவரின் கொள்ளுப்பேரன். எழுத்தை அறிந்தவர், தம் முன்னோரின் மொழியை இழந்தவர். இரண்டாமவருக்காக எழுதப்பட்ட பாடம் மூன்றாமவர் கையில் போய்ச் சேர்ந்ததும், அதனால் எழுந்த இடர்ப்பாடும், அதைக் களைய உருவான புதிய பாடமுமே இக்கட்டுரையின் பொருள்.

ஹவாய் மொழி, மாவோரி, தாகித்தி, சமோவா மொழிகளின் உறவு மொழி. பாலினேசியக் கிளையைச் சேர்ந்தது. இங்கு அதன் சொற்கள் தமிழ் எழுத்தில் தரப்படுகின்றன. க, ப ஆகியவற்றை எங்கும் வல்லொலியாகவே வாசிக்க வேண்டும். மேற்புறக் குறியான ’ என்பது, தொண்டையில் காற்றை ஒரு கணம் தடுத்து விடுவிக்கும் மெய்யொலியைக் குறிக்கும். அதற்கு அம்மொழியில் ’ஒகினா என்று பெயர்.

1820இல் அமெரிக்காவின் நியூ இங்கிலாந்துப் பகுதியிலிருந்து புராட்டஸ்டண்டு மறைப்பணியாளர்கள் ஹவாய்த் தீவுகளுக்கு வந்தனர். 1822 ஜனவரி 7 அன்று ஹொனலுலுவில், எலிஷா லூமிஸ் என்னும் அச்சாளரின் பொறியிலிருந்து அம்மொழியின் முதல் அச்சுத்தாள் வெளிவந்தது. அச்சுப்பொறியின் நெம்புகோலை இழுத்தவர் கெ’எஅவுமொகு என்னும் தலைவர். அச்சிடப்பட்டது ஓர் அரிச்சுவடி. எழுத்துக்கூட்டி ஓதும் முறையில் அதன் முதல் பாடம் ‘பீ, ஆ, பா’ என்று தொடங்கியதால், ‘பீ’ஆபா’ என்பதே அரிச்சுவடிக்கும் அகரவரிசைக்கும் பெயராக நிலைத்துவிட்டது.

அந்த நூலில் வாக்கிய அமைப்பு விளக்கப்படவில்லை; விளக்கத் தேவையும் இல்லை. படிக்க வந்தவர்கள் அம்மொழியிலேயே வழக்காடி, வம்சாவளி ஓதி, கடலோடி வாழ்ந்தவர்கள். எழுத்துகளைக் கூட்டி அசையாக்கவும், அசைகளைக் கூட்டிச் சொல்லாக்கவும் தெரிந்துவிட்டால் எஞ்சியதை அவர்களே பார்த்துக்கொண்டனர். அரசியல் அதிகாரம் மிக்க கா’அஹுமனு அரசியும் பிற தலைவர்களும் எழுத்தறிவுக்குத் துணைநின்றதால், சிறுவர்களோடு முதியவர்களும் பள்ளியில் அமர்ந்தனர். சில பத்தாண்டுகளுக்குள் ஹவாய் மக்கள் உலகில் எழுத்தறிவு மிகுந்தோர் வரிசையில் இடம்பெற்றனர். 1834 பிப்ரவரியில் மவுவி தீவின் லஹைனாலுனா பள்ளியிலிருந்து ‘க லம ஹவாயி’ என்னும் செய்தித்தாள் வெளிவந்தது. அதிலிருந்து 1948 வரை நூற்றுக்கும் மேற்பட்ட ஹவாய் மொழிச் செய்தித்தாள்கள் தோன்றி மறைந்தன.

எனினும் அந்த அரிச்சுவடிக் காலம் ஒரு குறையையும் விட்டுச்சென்றது. 1826இல் மறைப்பணியாளர்கள் கூடி வாக்கெடுத்து, உயிரெழுத்து ஐந்து, மெய்யெழுத்து ஏழு என்று வரையறுத்தனர். தகர ஒலியும் ககர ஒலியும் தீவுக்குத் தீவு மாறி ஒலித்ததைக் கண்டு, ககரத்தை வைத்துக்கொண்டு தகரத்தைக் கைவிட்டனர். தொண்டைத் தடையொலிக்கும் உயிர் நெடிலுக்கும் முறையான குறியீடு அமையவில்லை. ‘பவு’ என்றால் முடிந்தது. ‘ப’உ’ என்றால் கரி. ‘ப’ஊ’ என்றால் ஈரம். ‘பா’ஊ’ என்றால் பாவாடை. இந்நான்கும் அன்றைய எழுத்தில் ஒரே மூன்று எழுத்துகள். மொழியை அறிந்தவருக்கு இதனால் தடையில்லை. இடம் நோக்கிப் பொருள் கொண்டுவிடுவார். மொழியை இழந்த பிறகு அதே அச்சுத்தாளைப் பார்க்கும் கொள்ளுப்பேரனுக்கோ அது பூட்டிய கதவு.

இரண்டாம் வகைப் பாடங்கள் வேறு திசையிலிருந்து வந்தன. கவிஞரும் தாவரவியலாளருமான அடெல்பெர்ட் ஃபான் ஷமிஸ்ஸோ, 1816, 1817 ஆண்டுகளில் ருஷியக் கப்பலொன்றில் ஹவாய் சென்றவர்; 1837இல் அம்மொழி பற்றிய இலக்கண ஆய்வை ஜெர்மன் மொழியில் வெளியிட்டார். லஹைனாலுனா பள்ளியின் முதல் தலைவரான லோரின் ஆண்ட்ரூஸ் 1854இல் விரிவான இலக்கணம் ஒன்றை ஆங்கிலத்தில் எழுதினார். 1864இல் டபிள்யூ. டி. அலெக்சாண்டர் ஒரு சுருக்க இலக்கணம் தந்தார். இவர்களுடைய உழைப்பு சிறிதன்று. ஆனால் இந்நூல்களின் வாசகர் அயலார்: ஆங்கிலமோ ஜெர்மனோ அறிந்தவர், பள்ளியில் இலத்தீன் பயின்றவர். ஆகவே ஆண்ட்ரூஸின் இலக்கணம், அக்கால ஐரோப்பிய இலக்கணங்களைப் போலவே, முதலில் எழுத்து, பிறகு சொல்வகை, அதன் பின்னரே தொடர் என்று நடந்தது. ஹவாய்ப் பெயர்ச்சொல் எந்த உருபையும் ஏற்றுத் திரிவதில்லை. உறவைக் காட்டும் இடைச்சொற்கள் பெயருக்கு முன்னே தனித்து நிற்கின்றன. அப்படியிருந்தும் பெயர்கள் வேற்றுமை வேற்றுமையாக அடுக்கிக் காட்டப்பட்டன. இலத்தீன் படித்தவருக்கு அந்த அட்டவணை பழகிய வீட்டின் அறைகளைப் போன்றது. அம்மொழி வாழ்ந்த வீடோ வேறு.

அதன் வாக்கியம் பயனிலையில் தொடங்குகிறது. ‘உவ ’ஐ கெ கேய்கி இ க இ’அ’ என்பது ஓர் எளிய வாக்கியம். ‘உவ’ செயல் நிகழ்ந்துவிட்டதைக் காட்டும் இடைச்சொல், ‘’ஐ’ உண்ணல், ‘கெ கேய்கி’ குழந்தை, ‘இ’ செயப்படுபொருளைச் சுட்டும் இடைச்சொல், ‘க இ’அ’ மீன். தமிழில் ‘குழந்தை மீனை உண்டது’ என்போம். சொற்களைப் பின்னிருந்து முன்னாக அடுக்கினால் ஹவாய் வாக்கியத்தின் வரிசை ஏறத்தாழ அப்படியே கிடைக்கிறது, எழுவாயும் செயப்படுபொருளும் இடம் மாறுவதைத் தவிர. தமிழில் உருபு பெயருக்குப் பின். அங்கே பெயருக்கு முன். தமிழில் வினைமுற்று இறுதியில், அங்கே தொடக்கத்தில்.

இலக்கணச் சொற்களே ஒரு மொழியின் உருவத்தைத் தம்முள் வைத்திருப்பதைத் தமிழ் வாசகர் எளிதில் உணரலாம். வாக்கியம் எழும் இடம் எழுவாய். அதன் பயன் நிலைகொள்ளும் இடம் பயனிலை. தமிழ்த் தொடரின் போக்கைப் பார்த்து இடப்பட்ட பெயர்கள் இவை. இவற்றை ஹவாய் மொழிக்கு அப்படியே சூட்டினால், எழுவாயில் வாக்கியம் எழாது. பயனிலையோ முதல் அடியிலேயே வந்து நிற்கும். பெயர் தவறு என்பதற்காக இதைச் சொல்லவில்லை. ஒரு மொழியின் வடிவைப் பார்த்துச் செய்த அச்சில் இன்னொரு மொழியை வார்க்கும்போது எங்கே பொருந்தாமல் போகிறது என்பது இதனால் விளங்கும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டு முடிவதற்குள் அயலாருக்கான பாடங்களே எஞ்சும் நிலை வந்தது. வெளியிலிருந்து வந்த நோய்களால் மக்கள்தொகை சரிந்து, 1890இல் ஹவாய் வழியினர் ஏறத்தாழ 40,000 பேரே இருந்தனர். 1893 ஜனவரியில் லிலி’உஒகலனி அரசியின் ஆட்சி கவிழ்க்கப்பட்டது. 1896இல் புதிய குடியரசு இயற்றிய சட்டம், அரசுப் பள்ளியாயினும் தனியார் பள்ளியாயினும் ஆங்கிலமே பயிற்றுமொழி என்று விதித்தது. 1898இல் தீவுகள் அமெரிக்காவுடன் இணைக்கப்பட்டன. ஹவாய் மொழிவழிப் பள்ளிகள் சில ஆண்டுகளில் இல்லாமலாயின. பள்ளியில் தாய்மொழி பேசியதற்காகத் தண்டிக்கப்பட்ட நினைவுகளைப் பின்னாளில் பல முதியோர் பதிவுசெய்துள்ளனர். அப்படி அடிபட்டவர்கள் தம் பிள்ளைகளிடம் ஆங்கிலமே பேசினர். பெற்றோர் பிள்ளைகளைக் காப்பதற்காக எடுத்த முடிவு அது. மொழி அறுந்ததும் அந்த இடத்திலேதான். நீஹாவு என்னும் சிறு தீவில் மட்டும் அது அன்றாடச் சமூக மொழியாகத் தொடர்ந்தது.

மீட்சிக்கான கருவிகள் மெல்லத் திரண்டன. கா’ஊ வட்டாரத்தில் 1895இல் பிறந்து, பாட்டியின் கையில் வளர்ந்து, பழைய வழக்குகளைச் செவிவழி பெற்ற மேரி கவெனா புகுயி, மொழியியலாளர் சாமுவேல் எல்பெர்ட்டுடன் இணைந்து 1957இல் ஹவாய்–ஆங்கில அகராதியை வெளியிட்டார். தடையொலியும் நெடிலும் அதில் முறையாகக் குறிக்கப்பட்டன. பூட்டிய கதவுக்குச் சாவி கிடைத்தது. இருவரும் சேர்ந்து எழுதிய இலக்கணம் 1979இல் வந்தது. 1972இல் லாரி கிமுரா தொடங்கிய ‘க லேயொ ஹவாயி’ வானொலி நிகழ்ச்சி, இன்னும் வாழ்ந்துகொண்டிருந்த தாய்மொழியாளர்களின் குரல்களை வாரந்தோறும் பதிவுசெய்தது. 1978இல் திருத்தப்பட்ட மாநில அரசமைப்பு, ஹவாய் மொழியை ஆங்கிலத்துடன் சேர்த்து ஆட்சிமொழியாக்கியது.

மூன்றாம் மாணவர் இப்போது வகுப்பறைக்குள் வருகிறார். 1970இல் டொரோத்தி கஹனனுயி, ஆல்பெர்ட்டா அந்தோணி ஆகியோர் வெளியிட்ட பாடநூலின் தலைப்பு, ‘ஹவாய் மொழியில் பேசுவோம் நாம்’ என்று பொருள்படுவது. அத்தலைப்பில் நிற்கும் ‘காகொவு’ என்னும் சொல், கேட்பவரையும் உளப்படுத்தும் ‘நாம்’. கேட்பவரை விலக்கும் ‘நாங்கள்’ அம்மொழியில் ‘மாகொவு’. ஆங்கிலத்தில் இல்லாத இவ்வேறுபாடு தமிழருக்கு விளக்கம் வேண்டாதது. இருவர் மட்டும் என்றால் ‘காவுஅ’, ‘மாவுஅ’ என்று மேலும் இரண்டு சொற்கள் உண்டு. அயலாருக்கு எழுதிய இலக்கணங்கள் ‘அவர்கள்’ மொழியை விவரித்தன. இந்நூலின் அட்டையோ ‘நாம்’ என்று தொடங்கியது.

ஆயினும் மாணவரின் தலைக்குள் ஆங்கில வாக்கியம் அமர்ந்திருந்தது. ஆங்கிலம் மட்டுமே அறிந்த ஒருவர் முதல் வகுப்பில் கேட்கும் கேள்விகள் இரண்டு. ‘இருக்கிறது’ என்பதற்கு ஹவாய்ச் சொல் என்ன? ‘வைத்திருக்கிறேன்’ என்பதற்கு என்ன? ஆங்கிலத்தில் ‘அவர் ஆசிரியர்’ என்பதற்கும், ‘புத்தகம் மேசைமேல் உள்ளது’ என்பதற்கும், ‘வீடு பெரிது’ என்பதற்கும் ஒரே வினைச்சொல் தேவை. ஹவாய் மொழியில் அத்தகைய வினையே கிடையாது. ‘நுயி க ஹலெ’ என்றால் வீடு பெரிது. ‘நுயி’ பெருமை, ‘க ஹலெ’ வீடு, அவ்வளவே. ‘ஹெ குமு ’ஒ கலேய்’ என்றால் கலேய் ஓர் ஆசிரியர். ‘ஹெ புகெ க’உ’ என்றால் எனக்கு ஒரு புத்தகம் உண்டு. சொல்லுக்குச் சொல், ‘ஒரு புத்தகம் என்னுடையது’. தமிழிலும் இணைப்பு வினையின்றி ‘அவர் ஆசிரியர்’ என்கிறோம். உடைமையைச் சொல்லத் தனி வினை தேடாமல் ‘எனக்கு உண்டு’ என்கிறோம். ஆங்கிலத்தின் வழியே வருபவருக்கு மட்டும் இங்கே ஏதோ விடுபட்டதுபோல் தோன்றுகிறது.

பாட வடிவமைப்பின் உண்மையான சிக்கல் இதுதான். ஆங்கிலத்தை அளவுகோலாக வைத்தால், முதல் பாடமே ‘இம்மொழியில் இது இல்லை, அது இல்லை’ என்னும் இன்மைப் பட்டியலாகிவிடுகிறது. தம் பாட்டியின் மொழி குறையுடையது என்று பள்ளிச் சுவர்களுக்குள் கேட்டு வளர்ந்த தலைமுறைக்கு, அதை மீட்க வந்த வகுப்பிலும் அதே செய்தி, இலக்கணத்தின் குரலில், கேட்கிறது.

இதற்கு மாற்றாக ஹீலோ நகரத்துப் பல்கலைக்கழகச் சூழலில் ஒரு முறை உருவானது. கவானொஎ கமனா, வில்லியம் வில்சன் ஆகியோரின் ‘நா காய் ’எவலு’ பாடநூலோடு இணைத்து அறியப்படும் அம்முறையில் வாக்கிய வகைக்குப் ‘பெபெகெ’ என்று பெயர். அதை விளக்க அவர்கள் எடுத்துக்கொண்ட உருவம் ‘ஹெ’எ’, அதாவது எண்காலி. பவளப்பாறை இடுக்குகளில் அதைப் பிடித்து உண்டு வாழ்ந்த தீவு மக்களுக்கு அதன் உடலமைப்பு கைப்பழக்கமானது. வாக்கியத்துக்கு ‘பொ’ஒ’ உண்டு, அது தலை; ‘பிகொ’ உண்டு, அது தொப்புள்; ‘’அவெ’ உண்டு, அவை நீண்ட கைகள்.

முன் கண்ட வாக்கியத்தில் ‘உவ ’ஐ’ தலை. ‘கெ கேய்கி’ தொப்புள். ‘இ க இ’அ’ ஒரு கை. ‘குழந்தை நேற்று ஆசிரியருடன் பள்ளிக்குப் போனது’ என்பதற்கு, ‘உவ ஹெலெ’ என்னும் தலையும் ‘கெ கேய்கி’ என்னும் தொப்புளும் வந்தபின், ‘இ கெ குல’ என்று பள்ளிக்கு ஒரு கை, ‘மெ கெ குமு’ என்று ஆசிரியருடன் ஒரு கை, ‘இ நெஹினெய்’ என்று நேற்றைக்கு ஒரு கை. கைகள் வேண்டுமளவு நீளலாம்; இல்லாமலும் இருக்கலாம். ‘நுயி க ஹலெ’ தலையும் தொப்புளும் மட்டும் கொண்ட முழு வாக்கியம். ஒவ்வொரு கையின் நுனியிலும் ஓர் இடைச்சொல் ஒட்டியிருக்கிறது. அது என்ன உறவைப் பற்றுகிறது என்பதைக் காட்டுவது அதுவே. வேற்றுமை அட்டவணைக்கு இங்கே இடமே எழவில்லை.

தலையில் எது அமர்கிறது என்பதைக் கொண்டு வாக்கியங்கள் வகைப்படுகின்றன. வினையோ பண்போ அமர்ந்தால் ஒரு வகை. ‘ஹெ குமு’ என்று இனத்தைச் சுட்டும் தொடர் அமர்ந்தால் இன்னொரு வகை. ‘’ஒ கலேய் கெ குமு’ என்று குறிப்பிட்ட ஆளை இனங்காட்டினால், அதாவது ‘ஆசிரியர் கலேய்தான்’ என்றால், அது வேறு. ‘அய்ய க புகெ ம க பாகவுகவு’, மேசைமேல் புத்தகம் இருக்கிறது, என்பது இடம் சுட்டும் வகை. உடைமை வாக்கியம் தனி. ஆங்கிலத்தின் ஒற்றை வினை மறைத்துவைத்த பொருள் வேறுபாடுகளை ஹவாய் மொழி தனித்தனி உருவங்களில் வெளிப்படையாகக் காட்டுகிறது என்று மாணவர் இப்போது கற்கிறார். இன்மைப் பட்டியல் இருந்த இடத்தில் உடைமைப் பட்டியல் வந்துவிடுகிறது.

‘பிகொ’ என்னும் சொல்லுக்கு அப்பண்பாட்டில் ஆழ்ந்த பொருள் உண்டு. தொப்புள் முன்னோரோடும் பின்னோரோடும் ஒருவரைப் பிணைக்கும் இடம். தலையையும் கைகளையும் பிணைக்கும் இடத்துக்கு அப்பெயர் இட்டபோது, இலக்கணம் அயலாரின் அட்டவணையாக இல்லாமல் வீட்டுப் பேச்சாகக் கேட்கிறது. உடைமையைச் சொல்லும் பாடத்திலும் இவ்வுறவுணர்வு தொடர்கிறது. நான் பெற்ற குழந்தை ‘க’உ கேய்கி’. என்னைப் பெற்ற தாய் ‘கொ’உ மகுவஹினெ’. என் செயலால் வந்தவற்றுக்கு ஓர் உயிர். நான் தேடாமலே எனக்கு வாய்த்தவற்றுக்கு வேறோர் உயிர். மண்ணும் வீடும் இரண்டாம் வகையில் சேரும். நிலத்தை இழந்த ஒரு சமூகத்தின் பிள்ளை இப்பாடத்தைப் படிக்கும்போது கற்பது வெறும் உருபு வேறுபாடு மட்டுமன்று.

இம்முறைக்கு மறுப்புகளும் உண்டு. அவற்றைப் புறந்தள்ள முடியாது. புதியவருக்கு மொழியோடு புதிய கலைச்சொற்களையும் சுமத்துவது இரட்டைப் பளு. ‘’ஒ கலேய் கெ குமு’ போன்ற சமன்பாட்டு வாக்கியங்களில் எது பயனிலை என்பதும் மொழியியலில் விவாதத்துக்குரியது. தலை எது என்று பாடநூல் அறுதியிடுவது அவ்விவாதத்தை மூடுவதாகாது. இவற்றைவிடக் கூர்மையான மறுப்பு ஒன்று: வகுப்பறையில் கற்றவர்களின் ஹவாய் மொழி, நீஹாவு மக்களும் முதியோரும் பேசிய மொழியிலிருந்து ஒலிப்பிலும் தொடர்ப்போக்கிலும் விலகுகிறது என்பது. அமைப்பு சரியாக இருந்தும் இசை ஆங்கிலமாக இருக்கலாம். எந்த வரைபடமும் இசையைக் கற்பிக்காது. அதற்கு வானொலிப் பதிவுகளையும் உயிரோடிருக்கும் முதியோரையுமே நாட வேண்டும்.

ஆனால் 1980களில் காலம் நெருக்கியது. அப்போது பதினெட்டு வயதுக்குட்பட்ட ஹவாய் மொழியாளர் ஐம்பதுக்கும் குறைவு என்பது மீட்பு இயக்கத்தார் தரும் கணக்கு. மாவோரி மக்களின் மழலையர் ‘மொழிக்கூடு’களைப் பின்பற்றி, 1983இல் ‘’அஹ பூனன லேயொ’ அமைப்பு தோன்றியது; கமனாவும் வில்சனும் கிமுராவும் அதன் நிறுவனர்களுள் அடங்குவர். 1984இல் கவாயி தீவின் கெகஹாவில் முதல் மழலையர் பள்ளி திறந்தது. 1896 சட்டத்தின் தடை அப்போதும் நடைமுறையில் இருந்தது. போராட்டத்தின் பின் 1986இல்தான் அது நீங்கியது. 1987இல் அரசுப் பள்ளிகளில் ஹவாய் வழி வகுப்புகள் தொடங்கின. இப்பள்ளிகளின் பெற்றோரும் ஆசிரியரும் பெரும்பாலும் இரண்டாம் மொழியாகக் கற்றவர்களே. அவர்கள் மாலை வகுப்பில் கற்ற வாக்கியம், மறுநாள் காலை ஒரு குழந்தையின் காதில் தாய்மொழியாக விழுந்தது. முதல் பாடத்தில் நேரும் பிழை ஒரு மாணவரோடு நின்றுவிடாது என்ற நிலை அதுவரை எந்த இலக்கண ஆசிரியருக்கும் நேர்ந்ததில்லை.

1999இல் முதல் அணி மாணவர்கள் முழுக்க ஹவாய் வழியில் படித்து உயர்நிலைப் பள்ளியை முடித்தனர். எண்காலியின் தலை எது, தொப்புள் எது என்று யாரும் விளக்காமலேயே அவர்கள் மழலைப் பருவத்தில் வினையை முன்வைத்துப் பேசத் தொடங்கியிருந்தனர். அந்தப் பாடம் தேவைப்பட்டது அவர்களுடைய பெற்றோருக்கு.